நான் அழித்த குறுஞ்செய்தி

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம், மூன்றாவது சனிக்கிழமை. விழுப்புரத்தில் கணினி அறிவியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்தபடி, திண்டிவனத்தில் ஒரு வகுப்பறையில் கூடியிருந்த முப்பத்தொரு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவர்களும் என்னைப் போல மூன்றாம் ஆண்டு மாணவர்கள்தான். வரலாறு, தமிழ், வணிகவியல் படித்தவர்கள். அந்த வேலை ஏப்ரல் கடைசியில் என்னை மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அன்று தெரியாது.

எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. என்ன மழை, எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வளவனூர் தாண்டியது, என்ன படித்தேன் என்று எல்லாம் அதில் இருக்கும். பழைய பயணக் குறிப்புகளையும் ஊர் வரலாறுகளையும் தேடிப் படிக்கிறவன் என்பதால், நாள் குறிப்பிடாத தகவல் பாதித் தகவல் என்பது என் எண்ணம். இதையும் அந்தக் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

இந்த வகுப்புகள் தொடங்கியது ஒரு சாப்பாட்டு வேளையில். முந்தைய டிசம்பரில் திண்டிவனத்தில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு வினாடி வினா நடந்தது. நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, தட்டோடு மரத்தடியில் நின்றிருந்தோம். அந்தக் கல்லூரியில் வரலாறு படித்த ஒரு பெண், கிளியனூர்க்காரர், சாம்பார் வாளியோடு எங்களிடம் வந்தார்.

“உங்க லேபுல எத்தினி கம்ப்யூட்டரு?”

நாற்பது என்றேன்.

“எங்க லைப்ரரியில ஆறு இருக்குது. அதுல ரெண்டு தூங்கிக்கினு இருக்குது. மிச்சம் நாலத் தொடவே எல்லாருக்கும் பயம். சனிக்கிழமை சனிக்கிழமை வீடியோவுல வந்து சொல்லிக் குடுங்களேன். ப்ரொஜெக்டரு எங்ககிட்ட இருக்குது.”

“எங்களுக்கே பாதிதாங்க தெரியும்” என்றான் என் நண்பன்.

“தெரிஞ்ச பாதியக் குடுங்க. எங்களுக்கு அதுவும் இல்ல” என்று சொல்லி, அவன் தட்டில் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனார்.

அப்படித்தான் ஆரம்பம். அவர்கள் பக்கம் ஒரு மடிக்கணினி, ஒரு ப்ரொஜெக்டர், இணையத்துக்கு ஒரு டாங்கிள். எங்கள் பக்கம் மூன்று பேர். இணைப்பை ஒருவன் கவனித்துக்கொள்வான், அரட்டைப் பெட்டியை இன்னொருவன். பாடம் என்னுடையது.

முதல் வாரம் பெரிய கூச்சல். நான் பேசியது திண்டிவனத்து ஒலிபெருக்கியில் கேட்டு, மறுபடி அங்கிருந்த மைக் வழியாக எனக்கே திரும்பி வந்தது. முகவரியில் வரும் ‘அட்’ (@) குறி எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் எழுந்து குதித்து, “டேய், நான் டிவியில வர்றேன்டா!” என்று கத்தினான். ஒரு மணி நேரத்தில் நான்கு பேருக்குத்தான் மின்னஞ்சல் முகவரி உருவானது.

எனக்கு இந்த மாதிரி ஒழுங்கின்மை ஆகாது. அந்த வாரமே உட்கார்ந்து மூன்று விதிகள் எழுதினேன். பாடம் நடக்கும்போது திண்டிவனத்து மைக் மூடியிருக்க வேண்டும். டேட்டா தீராமல் இருக்க அவர்கள் கேமராவும் மூடியிருக்க வேண்டும். மூன்றாவது, திரையில் நான் செய்து காட்டுவதை ஓர் எழுத்தும் மாற்றாமல் நோட்டில் குறித்துக்கொண்டு, பிறகு நூலகக் கணினியில் அதையே செய்ய வேண்டும். கேள்விகள் இருந்தால் கடைசியில்.

“இன்னாடா இது, ஜெயில் ரூல் மாதிரி இருக்குது?” என்றான் நண்பன்.

ஆனால் விதிகள் வேலை செய்தன. இரண்டாவது வாரத்திலிருந்து, கல்லூரியின் பெயர் மட்டும் தெரிந்த ஒரு கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பாடம் நடத்தினேன். அவர்களுக்கும் என் முகம் தெரியாது. அங்கே சுவரில் என் கணினித் திரை தெரியும், என் குரல் கேட்கும், அவ்வளவுதான். மின்னஞ்சலில் கோப்பு இணைப்பது, அட்டவணையில் கூட்டல் போடுவது, தமிழில் தட்டச்சு செய்வது என்று வாரத்துக்கு ஒன்று முடிந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் நாட்குறிப்பில் ஒரு பத்தி எழுதினேன், அதை வகுப்பிலும் பெருமையாகச் சொன்னேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வருகை, பாடம். கடைசி வரி: ‘கேள்விகள்: இல்லை.’ தொடர்ந்து ஆறு வாரங்கள் அப்படியே எழுதியிருக்கிறேன். என் விளக்கம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நான் மூன்றரைக்கு முடிப்பேன். மரக்காணம் பேருந்து மூன்று நாற்பதுக்கு. நான் ‘கேள்வி உண்டா’ என்று கேட்கும் நேரத்தில் பாதி வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை கிளியனூர்ப் பெண் ஒரு பாடம் கேட்டார். சென்னையில் ஒரு பயிற்சி நிலையம், பட்டப்படிப்பு முடிக்கும் பெண்களுக்கு ஆறு மாதம் அலுவலகக் கணினிப் பயிற்சி தருகிறது. தங்க இடமும் சாப்பாடும் இலவசம். முடித்தால் வேலைக்கும் அவர்களே சேர்த்துவிடுவார்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். நேர்முகத் தேர்வு என்றைக்கு என்பது கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும். அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் காட்ட வேண்டும் என்றார்.

மாதிரிப் பெயர், மாதிரி முகவரி போட்டு நிரப்பிக்கொண்டு வந்தேன். கைபேசி எண் கேட்கும் கட்டத்தில் பத்து ஒன்பதுகளை அடித்தேன். பக்கம் ஏற்கவில்லை. பத்துப் பூஜ்யங்களையும் ஏற்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. என் சொந்த எண்ணை அடித்தேன். அடுத்த பக்கம் திறந்தது. “இந்தக் கட்டத்தைக் காலியா விட்டா பக்கம் நகராது” என்று சொன்னேன். இங்கே உங்கள் எண்ணைப் போடுங்கள் என்று சொல்லவில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பேன். “நான் போட்டிருக்கறபடியே போடுங்க, மாத்தாதீங்க” என்று வழக்கம்போல முடித்தேன். என் மாதிரி விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை, மூடிவிட்டேன். அன்றைக்கும் ‘கேள்விகள்: இல்லை.’

அப்போது என்னிடம் இருந்தது பழைய பொத்தான் கைபேசி. ஐம்பது குறுஞ்செய்திகளுக்கு மேல் கொள்ளாது. அதனால் தேவையில்லாததை அவ்வப்போது அழித்துவிடுவேன். ஏப்ரல் மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: ‘பிற்பகல் 2.10. யாருக்கோ நேர்முகத் தேர்வாம். எண் தவறி வந்திருக்கிறது. அழித்தேன்.’ அதில் பெயர் இல்லை, ஒரு விண்ணப்ப எண் மட்டும். மறுநாள் அதேபோல இன்னும் இரண்டு வந்தன. அன்று எனக்குச் செய்முறைத் தேர்வு. அழிக்க நேரமில்லாமல் அவை அப்படியே கிடந்தன.

அடுத்த வாரம் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளியனூரிலிருந்து அழைப்பு வந்தது. என்னை அவர் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். மரியாதையா கிண்டலா என்று கடைசிவரை தெரியவில்லை.

“சார், அந்த அப்ளிகேஷன் பதினோரு பேரு போட்டோமில்ல? எட்டு பேருக்கு மெசேஜ் வந்துடுச்சு. எனக்கு நாளான்னிக்கு இன்டர்வியூ. மூணு பேருக்கு வரவே இல்ல. ஒரே பேஜாரா இருக்குது.”

மூன்று என்றதும் திரையில் நான் அடித்த என் சொந்த எண் நினைவுக்கு வந்தது.

“அவங்க எந்த நம்பர் போட்டாங்க?”

“அதத்தான் ரெண்டு பேரப் புடிச்சுக் கேட்டேன். உங்க நம்பர் போட்டாங்களாம். மூணு பேரும் ஒண்ணாதான் ஒக்காந்து போட்டாங்களாம். உங்களுக்கு எதனா வந்துதா?”

“ரெண்டு மெசேஜ் இருக்குது.”

“மூணாவது?”

“அழிச்சிட்டேன்.”

“அதுல எந்தத் தேதி போட்டிருந்துச்சு?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. செய்தி வந்து சேர்ந்த நிமிடத்தைக் குறித்து வைத்திருந்த நான், அதற்குள் இருந்த தேதியைப் படிக்கவே இல்லை.

மிச்சமிருந்த இரண்டின் விண்ணப்ப எண்களைப் படித்துச் சொன்னேன். அவர் அந்த இரண்டு பெண்களிடமும் விசாரித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். அவை அவர்களுடையவைதான். இருவருக்கும் சனிக்கிழமை. அப்படியென்றால் நான் அழித்தது மூன்றாவது பெண்ணுடையது. தமிழ் இலக்கியம் படிப்பவர், மரக்காணத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து வருகிறவர். படிப்பு விடுமுறை என்பதால் கல்லூரியும் இல்லை. அவரிடம் கைபேசியும் இல்லை, அவர் அப்பாவின் எண்ணுக்கும் அழைப்பு போகவில்லையாம்.

“அவளுக்கு இது எவ்ளோ முக்கியம்னு உங்களுக்குத் தெரியாது சார். மே மாசம் வரைக்கும்தான் வீட்டுல டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள இது கெடைக்கலன்னா ஜூன்ல பாண்டிச்சேரி கம்பெனி வேன்ல ஏத்திடுவாங்க. அவ அக்கா மூணு வருஷமா அதுலதான் போய்க்கினு வந்துக்கினு இருக்கா. ஏறினவங்க யாரும் எறங்கினதில்ல.”

பயிற்சி நிலையத்துக்கு அழைத்துப் பார்த்தேன். விண்ணப்ப எண் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த எண் அந்தப் பெண்ணின் வீட்டில், அவர் எடுத்து வைத்திருக்கும் பிரதியில் இருக்கும். நேரில் போவது தவிர வழியில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு விழுப்புரத்தில் பேருந்து ஏறினேன். எட்டேகாலுக்குத் திண்டிவனம். பேருந்து நிலையத்தில் கிளியனூர்ப் பெண் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஒரு பொட்டலத்தோடு நின்றிருந்தார். மரக்காணம் பேருந்தில் உட்கார்ந்ததும் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

“தப்பு பண்ணவங்க பட்டினி கெடக்கணும்னு சட்டமில்ல. சாப்புடுங்க.”

பிரம்மதேசம் தாண்டியதும் கேட்டார்: “நீங்க எங்களப் பாத்ததே இல்லல்ல?”

“உங்களப் பாத்திருக்கேன்.”

“என்ன விடுங்க. மிச்சம் முப்பது பேரு? இப்ப போறோமே, அவ எதுர்ல வந்து நின்னா உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மல்லாட்டை உரித்தார். முதல் வாரத்துக்குப் பிறகு நான் அந்த வகுப்பின் ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. அவர்களுடைய வருகை எண்ணிக்கை மட்டும் என்னிடம் சரியாக இருந்தது.

மரக்காணத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. படகுகள் கரையேறியிருந்தன. கொட்டகை நிழலில் நான்கைந்து பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்த ஊட்டுக்கு வந்தீங்க?”

கிளியனூர்ப் பெண் சொன்னார். வலை பிரித்தவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். அவர்தான் அந்தப் பெண்ணின் அப்பா.

“கம்பெனியில இருந்தா? ஜூன் ஒண்ணாந்தேதிதான தம்பி சொன்னீங்க? பரீட்ச முடியட்டும்.”

“கம்பெனி இல்லப்பா. நான் உங்க பொண்ணு கூடப் படிக்கிறேன். இவரு எங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறவரு.”

“இவரா?” என்று அவர் என்னை நம்பாமல் பார்த்தார். “பொண்ணு சொல்லச் சொல்ல யாரோ பெரிய வாத்தியாருன்னு நெனச்சேன். மீச கூட சரியா மொளைக்கல.”

கொட்டகையில் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில், கொட்டகைக்கு எதிரே இருந்த அவர் வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். நான் வணக்கம் என்று சொன்னதும், “அய்யோ, நீங்களா! கொரல வெச்சுத்தான் தெரியுது” என்றார்.

நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். உங்களுக்கு வந்த செய்தி என் கைபேசிக்கு வந்தது, யாருக்கோ வந்தது என்று நினைத்து அழித்துவிட்டேன், தேதி தெரியாது. அவர் முகத்தில் கோபம் வரவில்லை. அதைவிட மோசமாக, புரியாமல் பார்த்தார்.

“நீங்க அழிச்சீங்களா?”

“ஆமாம்.”

“நீங்கதான எல்லாத்தையும் எழுதி வெச்சிக்கினு இருப்பீங்க?”

கிளியனூர்ப் பெண் குறுக்கிட்டுக் கேட்டார்: “ஏன்டீ, இவரு நம்பர எதுக்குடீ போட்டீங்க? உங்கப்பா நம்பரு இருக்குதில்ல?”

“அப்பா போன் கடலுக்குப் போயிடும். மாசத்துல பாதி நாளு தண்ணி பட்டு ரிப்பேரு. இங்கிலீசுல மெசேஜ் வந்தா யாரு பாக்கறது? அவளுங்களுக்கும் வீட்டுல இதே கதைதான். காலியா விட்டா நகராதுன்னு சொன்னாரு. போட்டபடியே போடுன்னும் சொன்னாரு. சரி, இவருக்கு வந்தா இவரு கரெக்டா சொல்லிடுவாருன்னு நாங்க மூணு பேரும் பேசி வெச்சுத்தான் போட்டோம்.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “போடலாமான்னு அன்னிக்கே கேட்டேன். மைக்கு மூடி இருந்துச்சு. அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு.”

வரும் வழியெல்லாம், திரையில் இருந்ததை யோசிக்காமல் பார்த்து எழுதிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். யோசிக்காமல் இருந்தது நான்.

விண்ணப்பப் பிரதியை எடுத்துக்கொண்டு அவரும் எங்களோடு கிளம்பினார். அவருடைய அப்பா ஆட்டோ வரை வந்தார். “நான் வேணாம்னு சொல்ல மாட்டேன் தம்பி. கெடைச்சா போகட்டும். கெடைக்கலன்னா நாலு பேர மாதிரி வேல செய்யட்டும். சும்மா ஒக்கார வெக்க என்னால முடியாது” என்றார். குரலில் கடுமை இல்லை. உள்ளதைச் சொன்னார்.

மரக்காணம் கடைத்தெருவில் ஓர் இணைய மையம். பயிற்சி நிலையத்தின் இணையப் பக்கத்தில் விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் அந்தப் பெண்ணே தட்டினார். பக்கம் மெதுவாகத் திறந்தது. நேர்முகத் தேர்வு: புதன்கிழமை, காலை பத்து மணி. அதற்குக் கீழே ஆங்கிலத்தில், வரவில்லை என்ற குறிப்பு.

புதன்கிழமை என்பது முந்தைய நாள். கிளியனூரிலிருந்து எனக்கு அழைப்பு வந்த நேரத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். “நேத்து நான் துணி தொவச்சிக்கினு இருந்தேன்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

பயிற்சி நிலையத்துக்கு மறுபடி அழைத்தேன். இந்த முறை ஓர் அம்மையார் பொறுமையாகக் கேட்டார். வராதவர்களுக்கு வேறு நாள் தருவதில்லை. காரணத்தைத் தெளிவாக எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். சனிக்கிழமை கடைசி நாள், அன்று வந்து காத்திருக்கட்டும், நேரம் இருந்தால் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

எழுதுவது என் வேலை என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் நல்ல கடிதம் ஒன்று தயார். ‘தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி உரிய நேரத்தில் விண்ணப்பதாரருக்குக் கிடைக்கப்பெறவில்லை.’ எனக்கே திருப்தியாக இருந்தது. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாத வாக்கியம்.

அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். திரையில் விரலை வைத்தார்.

“இது இன்னா கோளாறு?”

“அது… பொதுவா அப்படித்தான் எழுதுவாங்க.”

“போன் நல்லாதான இருந்துச்சு? மெசேஜ் வந்துதில்ல? நீங்க அழிச்சீங்க. இதுல கோளாறு எங்க வந்துது?”

கிளியனூர்ப் பெண் குறுக்கே வந்தார். “விடுடீ, ஜல்தியா அனுப்பு. யாரு தப்பா இருந்தா உனக்கின்னா? உனக்கு சீட்டு கெடைக்கணும்.”

“அங்க போய் நிக்கப் போறது நான்தான? இன்னா கோளாறுன்னு அந்த மேடம் கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்? நடந்தது எனக்குத் தெரியும். அத எழுதினா அதையே சொல்லலாம்.”

மையத்துக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தேதி தவறினால் வரலாறு தவறும் என்று நண்பர்களிடம் வகுப்பெடுத்தவன் நான். என் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோளாறை எவ்வளவு சரளமாக உட்கார வைத்திருந்தேன்!

எழுந்துகொண்டேன். அவரே உட்கார்ந்து தமிழில் தட்டினார். வகுப்பில் நான் காட்டிய முறையில்தான். ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி, அரை மணி நேரம் பிடித்தது. ‘என்னிடம் கைபேசி இல்லாததால் எங்களுக்குப் பாடம் நடத்தும் மாணவரின் எண்ணை அவரைக் கேட்காமல் போட்டேன். அது என் தவறு. அவர் உங்கள் செய்தியைப் படிக்காமல் அழித்துவிட்டார். அது அவர் தவறு. நான் சனிக்கிழமை வந்து காத்திருக்கிறேன்.’ இவ்வளவுதான் கடிதம். அனுப்புவதற்கு முன், “சரியா இருக்குதா?” என்று என்னைக் கேட்டார். ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. சொன்னேன். போட்டுவிட்டு அனுப்பினார்.

சனிக்கிழமை மற்ற இருவரோடு அவரும் சென்னைக்குப் போனார். எனக்கு மறுவாரம் தேர்வு. படிப்பதுபோல் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை ஆறு மணிக்கு, அங்கே வந்திருந்த ஒருவரின் கைபேசியிலிருந்து பேசினார்.

“நாலு மணிக்குத்தான் கூப்ட்டாங்க. ரெண்டு மேடம் இருந்தாங்க. லெட்டரப் பிரின்ட் எடுத்து வெச்சிக்கினு, இத யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. நான்தான்னேன். அழிச்ச பையன் இன்னா சொன்னான்னு கேட்டாங்க. ஒத்துக்கினாருன்னு சொன்னேன். சிரிச்சாங்க.”

“கிடைச்சுதா?”

“இந்த பேட்சு மத்தியானமே நெறஞ்சுடுச்சாம். டிசம்பர்ல அடுத்தது. அதுக்கு இன்டர்வியூ வேணாம், நேரா வந்து சேருன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.”

பாதி நிம்மதியோடு வாழ்த்துச் சொன்னேன். அவர், “ஜூன்ல வேன் உண்டு. அப்பாகிட்ட சொன்ன வார்த்தை இருக்குதில்ல” என்றார். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஜூன் முதல் நவம்பர் வரை அவர் அந்த வேனில் போனார். காலை ஐந்தேகாலுக்குச் சாலையில் நிற்க வேண்டும். திரும்ப இரவு எட்டு ஆகும். அவருடைய அப்பாவின் எண்ணை வாங்கி வைத்திருந்தேன். ஜூலையில் ஒரு மாலை அழைத்தேன். “வேன் இன்னும் வரல தம்பி” என்றார். செப்டம்பரில் அழைத்தபோதும் அதே பதில். அப்புறம் அழைக்கவில்லை. அவரிடம் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘சேந்துட்டேன். இது என்னோட நம்பர்.’ பயிற்சி முடித்து அவர் சென்னையிலேயே வேலையில் சேர்ந்தார். திண்டிவனத்து வகுப்புகளை எங்களுக்கு அடுத்து வந்தவர்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். மைக்கைத் திறந்து வைத்துத்தான் நடத்துகிறார்கள், கூச்சல் தாங்கவில்லை, பாடம் பாதிகூட முடிவதில்லை என்று என் நண்பன் குறைப்பட்டான். கூச்சல் இருக்கட்டும் என்றேன்.

இப்போது நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். விண்ணப்பம் தாமதமானவர்களுக்கு, பெயர் விடுபட்டவர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று கை தானாக எழுதப் போகும். அப்போதெல்லாம் நிறுத்திவிட்டு, யார் என்ன செய்தார்கள் என்று ஒரு முறை விசாரிக்கிறேன். பல தடவை அது இரண்டே வரியில் எழுதிவிடக்கூடியதாகத்தான் இருக்கிறது. ஒருவருக்குப் போன ஆறு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது யாரால் போனது என்பதையாவது ஒளிக்காமல் எழுதலாம்.